கதவு மூடுமா, மூடாதா? செங்கல்பட்டு மின்சார ரயிலும் ஜப்பானிய ரயில் பெட்டியின் கதையும்

மாமல்லபுரத்துக்கு ரயில் கிடையாது. 1984-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த ஊர்தான். ஆனால் அங்கிருந்து ரயிலேற வேண்டுமென்றால், பஸ் பிடித்து, திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் செங்கல்பட்டுக்கு வர வேண்டும். கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் என்று கடலோர ஊர்களிலிருந்து தாம்பரத்துக்கும் கிண்டிக்கும் வேலைக்கோ படிப்புக்கோ போகிற பலருக்கும் இதுதான் வழி. பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தால், நடைமேடையில் மின்சார ரயில் நிற்கும். உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள்.

செங்கல்பட்டில் உட்கார இடம் கிடைத்தாலும், கொளவாய் ஏரியைத் தாண்டி மறைமலை நகர், பொத்தேரி, கூடுவாஞ்சேரி என்று போகப்போகக் கூட்டம் ஏறிக்கொண்டே இருக்கும். பெருங்களத்தூர் வரும்போது வாசலில் நிற்பவர்களின் முதுகு வெளியே தெரியும். உள்ளே இடமில்லாமல் தொங்குகிறவர்கள் உண்டு, காற்றுக்காகத் தொங்குகிறவர்களும் உண்டு. இரண்டு வகையினருக்கும் ஆபத்து ஒன்றுதான். அந்த ரயிலின் கதவு மூடாது.

மின்சார ரயிலின் கதவு ஏன் மூடுவதில்லை? மூடினால் என்ன ஆகும்? எளிய கேள்விகள் போலத் தோன்றினாலும், இவற்றுக்குப் பதில் தேடி ஜப்பான் பல ஆண்டுகள் செலவழித்தது. நூற்றுக்கணக்கான உயிர்களையும் விலையாகக் கொடுத்தது.

நம்ம ரயிலின் ஜப்பான் தொடர்பு

இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று பம்பாயில் ஓடியது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1931-ல், சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் வந்தது. தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் மட்டுமே அகலமுள்ள மீட்டர் கேஜ் பாதை அது. 1,500 வோல்ட் நேர் மின்சாரத்தில் ரயில் ஓடியது. 1960-களில் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாக விழுப்புரம் வரை மின்கம்பிகள் நீண்டன. இந்த முறை 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரம்.

அந்தப் பாதையில் எக்ஸ்பிரஸ் ரயில்களை இழுக்க எஞ்சின்கள் ஜப்பானிலிருந்து வந்தன. மிட்சுபிஷி தயாரித்த அவற்றுக்கு இந்திய ரயில்வே வைத்த பெயர் 'ஒய்.ஏ.எம்-1'. மொத்தமே 20 எஞ்சின்கள்தான். எழும்பூரிலிருந்து தெற்கே ரயிலேறிய ஒரு தலைமுறைக்கு, செங்கல்பட்டைத் தாண்டி விழுப்புரம் வரை இழுத்துக்கொண்டு போனது இந்த எஞ்சின்கள்தான். 2004-ல் சென்னையின் மீட்டர் கேஜ் மின்சார ரயில் விடைபெற்றபோது இவற்றின் காலமும் முடிந்தது.

ஜப்பானிடம் இந்த எஞ்சினைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஜப்பானின் பெரும்பாலான ரயில் பாதைகளும் குறுகலானவைதான். அங்கே அகலம் 1,067 மில்லிமீட்டர். நம் பழைய மீட்டர் கேஜைவிட நான்கு விரற்கடை கூட இருக்கும், அவ்வளவுதான். இன்று செங்கல்பட்டுக்கு ஓடும் அகலப் பாதையோ 1,676 மில்லிமீட்டர். டோக்கியோ நகரம் இவ்வளவு குறுகலான பாதையில்தான் கோடிக்கணக்கான மக்களை ஏற்றி இறக்குகிறது. பாதையை அகலமாக்க வழியில்லாததால், பெட்டியை வடிவமைக்கும் விதத்தில் அவர்கள் மூளையைச் செலவழித்தார்கள்.

எஞ்சின் எங்கே?

மின்சார ரயிலில் ஏறும் குழந்தைகள் கேட்கும் முதல் கேள்வி, "இந்த ரயிலுக்கு எஞ்சின் எங்கே?" என்பதாகத்தான் இருக்கும். தனியாக எஞ்சின் கிடையாது. சில பெட்டிகளின் அடியிலேயே மோட்டார்கள் பொருத்தப்பட்டிருக்கும். கூரையில் இருக்கும் பாண்டோகிராஃப் என்ற மடக்குக் கை மேலே போகும் கம்பியைத் தொட்டு மின்சாரத்தை எடுத்துக்கொடுக்கும்.

ஒரே எஞ்சின் முன்னால் இருந்து இழுப்பதைவிட, பல சக்கரங்கள் ஒரே நேரத்தில் உருட்டித் தள்ளினால் ரயில் சட்டென்று வேகமெடுக்கும், சட்டென்று நிற்கும். கடற்கரை முதல் செங்கல்பட்டு வரை சுமார் 60 கிலோமீட்டர். அதற்குள் ஏறக்குறைய முப்பது நிறுத்தங்கள். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தரம் நின்று கிளம்பும் ரயிலுக்கு இந்த முறைதான் சரிப்படும். 1964-ல் ஓடத் தொடங்கிய ஷின்கான்சென் அதிவேக ரயிலுக்கும் ஜப்பான் இதே முறையைத்தான் தேர்ந்தெடுத்தது. பெரம்பூர் ஐ.சி.எஃப்-பில் உருவான வந்தே பாரத்திலும் தனி எஞ்சின் இல்லாததற்கு இதுவே காரணம்.

ஆனால், மோட்டார் எவ்வளவு வேகமெடுத்தாலும், ஒரு நிலையத்தில் ஆட்கள் ஏறி இறங்க ஒரு நிமிடம் கூடுதலானால் அந்த வேகம் வீண். ஆகவே, நகர ரயிலை வடிவமைப்பவர்கள் அதிகம் கவலைப்படுவது வாசலைப் பற்றித்தான்.

நான்கு வாசல் பெட்டி

இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த 1944-ல் ஜப்பான் ஒரு புதிய மின்சார ரயில் பெட்டியை உருவாக்கியது. பெயர் '63 வரிசை'. நீளம் 20 மீட்டர். பக்கத்துக்கு நான்கு வாசல்கள். ஆயுதத் தொழிற்சாலைகளுக்குத் தொழிலாளர்களை மொத்தமாக ஏற்றிச் செல்வதே நோக்கம். இரும்பு முதல் கண்ணாடி வரை எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. பெரிய கண்ணாடி கிடைக்காததால் ஜன்னலை மூன்று துண்டுகளாகப் பிரித்தார்கள். நடுத்துண்டு அசையாது, மேலும் கீழும் மட்டும் திறக்கும். கூரையில் எளிதில் தீப்பிடிக்கும் மரம். ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போகச் சரியான வழி இல்லை.

போர் முடிந்த பிறகும் அந்தப் பெட்டிகள் அப்படியே ஓடின. 1951 ஏப்ரல் 24 அன்று யோகஹாமாவின் சகுராகிச்சோ நிலையத்துக்கு அருகே மேல்கம்பியில் பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. கம்பி அறுந்து தொங்கியது. அது தெரியாமல் வந்த ரயிலின் பாண்டோகிராஃப் அதில் சிக்கியது. தீப்பொறி கூரையில் பற்றியது.

ரயில் நின்றுவிட்டது. ஆனால், தானியங்கிக் கதவுகள் திறக்கவில்லை. கதவைக் கையால் திறக்க ஒரு காற்று வால்வு பெட்டியில் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று பயணிகளுக்குத் தெரியாது. ஜன்னல் வழியாக ஒரு ஆள் நுழைய முடியாது. அடுத்த பெட்டிக்குப் போகும் கதவு உள்பக்கமாகத் திறப்பது. கூட்டம் அதன்மேல் சாய்ந்து நெருக்கியதில் அதுவும் அசையவில்லை. 106 பேர் இறந்தார்கள்.

ஜப்பானிய ரயில் வடிவமைப்பின் போக்கை மாற்றிய விபத்து இது. பெட்டிகளின் கூரை, ஜன்னல், பெட்டிகளுக்கு இடையேயான வழி எல்லாம் திருத்தப்பட்டன. அவசரக் கதவு வால்வு இருக்கும் இடம் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதப்பட்டது. திருத்திய பெட்டிகளுக்கு '73 வரிசை' என்று புதுப் பெயரும் வைத்தார்கள்.

கதை அங்கே முடியவில்லை. 1962 மே 3 அன்று டோக்கியோவின் மிகாவாஷிமாவில் ஒரு சரக்கு ரயிலும் பயணிகள் ரயிலும் மோதின. சகுராகிச்சோ அனுபவம் மனதில் இருந்ததால், பயணிகளே அவசர வால்வைத் திருப்பிக் கதவைத் திறந்து தண்டவாளத்தில் இறங்கினார்கள். சில நிமிடங்களில் எதிர்த்தடத்தில் வந்த இன்னொரு ரயில் அவர்கள்மேல் ஏறியது. மொத்தம் 160 பேர் பலியானார்கள்.

முதல் விபத்தில் கதவு திறக்காததால் சாவு. இரண்டாவதில் கதவு திறந்ததால் சாவு. கதவை மட்டும் சரிசெய்தால் போதாது, ஒரு ரயில் நின்றால் பக்கத்துத் தடத்தில் வரும் ரயிலும் நிற்க வேண்டும் என்பதை அந்த நாடு புரிந்துகொண்டது. சிவப்பு சிக்னலைத் தாண்டினால் ரயிலைத் தானாக நிறுத்தும் கருவி அடுத்த சில ஆண்டுகளில் நாடு முழுக்கப் பொருத்தப்பட்டது.

உட்காரும் இடத்தையே மடக்கினார்கள்

1957-ல் '101 வரிசை', 1960-களில் '103 வரிசை' என்று அடுத்தடுத்து வந்த பெட்டிகளில்தான் இன்றைய ஜப்பானிய நகர ரயிலின் அச்சு உருவானது. பக்கத்துக்கு நான்கு வாசல்கள், ஒவ்வொன்றும் 1.3 மீட்டர் அகலம். இரண்டு பேர் ஏறும்போதே இரண்டு பேர் இறங்கலாம். இருக்கைகள் சுவரோரமாக நீளவாக்கில். நடுவில் நிற்பவர்களுக்கு இடம். பாதைக்கு ஒரு நிறம்: யமனோத்தே வட்டப் பாதைக்கு இளம்பச்சை, சூவோ பாதைக்கு ஆரஞ்சு. எழுத்துப் படிக்காத குழந்தைகூட தன் ரயிலைக் கண்டுபிடித்துவிடும். 103 வரிசையில் மட்டும் 3,400-க்கும் மேற்பட்ட பெட்டிகள் தயாராயின.

அப்படியும் கூட்டம் அடங்கவில்லை. ஷின்ஜுகு நிலையத்தில் பயணிகளை உள்ளே தள்ளிக் கதவை மூட ஆட்களையே வேலைக்கு வைத்தார்கள். 1990-ல் யமனோத்தே பாதையில் பக்கத்துக்கு ஆறு வாசல்கள் உள்ள பெட்டியை விட்டார்கள். காலை நெரிசல் நேரத்தில் அதில் இருக்கைகளைச் சுவரோடு மடக்கிப் பூட்டிவிடுவார்கள். கூட்டம் குறைந்த பிறகே திறப்பார்கள். பிற்பாடு நடைமேடையிலேயே தடுப்புக் கதவுகள் வைக்க முடிவானபோது, எல்லாப் பெட்டிகளுக்கும் வாசல் ஒரே இடத்தில் வர வேண்டும் என்பதால் ஆறு வாசல் பெட்டிகளுக்கு விடைகொடுத்தார்கள்.

படியையும் விடவில்லை. டோக்கியோவில் நகர ரயில் நடைமேடையின் உயரம் பொதுவாக 1,100 மில்லிமீட்டர். 'இ233 வரிசை' பெட்டித் தளத்தின் உயரம் 1,130 மில்லிமீட்டர். மூன்று சென்டிமீட்டர்தான் வித்தியாசம். நம் மின்சார ரயிலிலோ நடைமேடையிலிருந்து ஒரு படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். மூட்டுவலிக்காரருக்கும், கைக்குழந்தையோடு வரும் தாய்க்கும், மீன் கூடையோடு ஏறும் பாட்டிக்கும் அந்த ஒரு படி எவ்வளவு பெரியது என்பது ரயில் கிளம்பும் அவசரத்தில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பரங்கிமலை

2018 ஜூலை 24 காலை. கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வழியாகத் திருமால்பூர் போகும் ரயில். மேல்கம்பி கோளாறால் அன்றைக்குச் சில ரயில்கள் ஓடவில்லை. கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். ரயிலை வழக்கமான தடத்தில் விடாமல் விரைவு ரயில் தடத்தில் திருப்பிவிட்டார்கள். பரங்கிமலையில் அந்தத் தடத்தை ஒட்டி ஒரு கான்கிரீட் தடுப்புச் சுவர் இருந்தது. படியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் அதில் மோதி விழுந்தார்கள். உயிர்கள் போயின.

"தொங்காதே என்றால் கேட்கிறார்களா?" என்று சொல்வது சுலபம். உள்ளே இடமே இல்லாத ரயிலில், அடுத்த ரயில் எப்போது வரும் என்று தெரியாத நாளில், அலுவலகத்துக்கு நேரமாகும் மனிதர் என்ன செய்வார்? கதவு மூடும் ரயிலாக இருந்திருந்தால், கூட்டத்தில் ஒரு பகுதி நடைமேடையிலேயே நின்றிருக்கும். கோபப்பட்டிருப்பார்கள். ஆனால், வீடு திரும்பியிருப்பார்கள்.

கதவு மூடும் ரயில் வந்தது

2025 ஏப்ரல் 19 அன்று கடற்கரை - செங்கல்பட்டு பாதையில் ஏசி மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ஐ.சி.எஃப் தயாரிப்பு; 12 பெட்டிகள். உட்கார 1,116 பேருக்கு இடம். நிற்பவர்களையும் சேர்த்தால் 5,000 பேரை நெருங்கும். துருப்பிடிக்காத எஃகு உடல், தானாக மூடும் கதவுகள், பெட்டிக்குப் பெட்டி உள்ளேயே நடந்து போகும் வசதி, கண்காணிப்பு கேமராக்கள், அவசரத்தில் ரயில் ஊழியரோடு பேசும் கருவி எல்லாம் உண்டு. பிரேக் பிடிக்கும்போது மோட்டார்களே மின்சாரம் தயாரித்துக் கம்பிக்குத் திருப்பி அனுப்பும்.

பட்டியலைப் படித்தால் ஒன்று புரியும். தானியங்கிக் கதவு, பெட்டிகளுக்கு இடையே வழி, அவசரத் தொடர்பு என்ற மூன்றும் சகுராகிச்சோ தீ விபத்துக்குப் பிறகு எந்த நகர ரயிலும் ஒன்றைவிட்டு ஒன்று வைத்துக்கொள்ளக் கூடாத மூன்று.

சிக்கல் கட்டணத்தில் இருக்கிறது. ஏசி ரயில் தொடங்கியபோது குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். அதிகபட்சம் 105 ரூபாய். சாதாரண மின்சார ரயிலில் குறைந்தபட்சம் 5 ரூபாய்தான். தினமும் போய் வருகிற, மாதச் சம்பளத்தில் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணுகிற குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல. ஆக, இன்றைய நிலவரப்படி மூடும் கதவு கூடுதல் காசு கொடுப்பவருக்கு. திறந்த கதவு மற்றவர்களுக்கு.

ஜகார்த்தா செய்தது

இதே சிக்கலை இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவும் சந்தித்தது. ஏசி இல்லாத மலிவு ரயில்களில் மக்கள் வாசலில் மட்டுமல்ல, கூரை மேலும் உட்கார்ந்து போனார்கள். கூரையில் ஏறுவதைத் தடுக்க, 2012-ல் தண்டவாளத்துக்கு மேலே கான்கிரீட் உருண்டைகளைக் கட்டித் தொங்கவிட்டுக்கூடப் பார்த்தார்கள்.

அந்த நாட்டுப் பாதையும் 1,067 மில்லிமீட்டர் என்பதால், டோக்கியோவில் ஓடி முடித்த பழைய ஏசி ரயில்கள் 2000 முதலே அங்கே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. 2013 ஜூலையில் அரசு மானியம் கொடுத்து ஏசி ரயில் கட்டணத்தைக் குறைத்தது. அதே மாதம் ஏசி இல்லாத ரயில்களை நிறுத்தியது. கான்கிரீட் உருண்டையால் முடியாததை, கட்டணக் குறைப்பும் மூடிய கதவும் சேர்ந்து சாதித்தன. நம் பாதையின் அகலம் வேறு என்பதால் ஜப்பானின் பழைய ரயில்களை வாங்கிவந்து இங்கே ஓட்ட முடியாது. மானியம் கொடுப்பதற்குப் பாதையின் அகலம் தடையில்லை.

ஏசி இல்லாமல் கதவை மூட முடியாதா?

முடியாது என்றே நீண்ட காலம் சொல்லப்பட்டது. காரணம் காற்று. சித்திரை வெயிலில், நானூறு பேர் நிற்கும் பெட்டியில் கதவை மூடினால் மூச்சு முட்டும். ஜன்னல் காற்று முதல் வரிசையில் நிற்பவரோடு நின்றுவிடும்.

2025 ஜூன் 9 அன்று மும்பைக்கு அருகே மும்ப்ராவில், எதிரெதிரே போன இரண்டு ரயில்களின் வாசல்களில் தொங்கியவர்கள் கீழே விழுந்தார்கள்; உயிர்கள் போயின. அதன் பிறகு, ஏசி இல்லாத ரயிலுக்கும் தானியங்கிக் கதவு வைக்கும் புதிய வடிவமைப்பை ரயில்வே அறிவித்தது. அதில் மூன்று மாற்றங்கள். கதவு மூடியிருந்தாலும் காற்று வரும்படி சாய்ந்த பட்டைகள் கொண்ட கதவுகள்; கூரையிலிருந்து வெளிக்காற்றை உள்ளே செலுத்தும் கருவிகள்; ஒரு பெட்டியில் கூட்டம் அதிகமானால் அடுத்த பெட்டிக்கு நகர்ந்துபோக இணைப்பு வழி. 2026 ஜனவரியில் ரயிலை ஓட்டுவது என்பது அப்போது சொல்லப்பட்ட இலக்கு.

இந்த வடிவமைப்பு மும்பையோடு நிற்க வேண்டிய அவசியமில்லை. கடற்கரை - செங்கல்பட்டு பாதையில் கூட்டம் குறையப்போவதில்லை. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, ஊர்களிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களும் இந்த ரயில் பாதையைத்தான் தேடுகிறார்கள். தாம்பரத்துக்குத் தெற்கே மூன்றாவது தடம் வந்த பிறகும், தென்மாவட்ட எக்ஸ்பிரஸ்களோடு பாதையைப் பகிர்ந்துதான் மின்சார ரயில் ஓட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு ரயிலுக்கும் இடையே காத்திருக்கும் நேரம் அதிகமானால், "இதை விட்டால் அடுத்தது எப்போதோ" என்ற பதற்றம்தான் ஆளைப் படியில் ஏற்றுகிறது. டோக்கியோவின் யமனோத்தே பாதையில் நெரிசல் நேரத்தில் சில நிமிடங்களுக்கு ஒரு ரயில் வந்துவிடும். மூடிக்கொண்ட கதவைப் பார்த்து அங்கே யாரும் பதறுவதில்லை.

பயணிகள் கவனத்துக்கு

கதவு மூடும் ரயிலுக்குச் சில புதிய பழக்கங்கள் தேவை.

- கதவு மூடத் தொடங்கிய பிறகு கையையோ பையையோ நுழைக்காதீர்கள். ஒரு கதவு மூடாவிட்டால் மொத்த ரயிலும் தாமதமாகும்.
- இறங்குகிறவர்களுக்கு முதலில் வழிவிடுங்கள். வாசலின் இரு பக்கமும் ஒதுங்கி நின்றாலே பாதி நெரிசல் குறையும்.
- ஏறியதும் அவசரத் தொடர்புக் கருவி எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவையுங்கள். குழந்தைகளுக்கும் காட்டுங்கள்.
- ரயில் நடுவழியில் நின்றால் தண்டவாளத்தில் இறங்காதீர்கள். பக்கத்துத் தடத்தில் ரயில் வரலாம். ஊழியர் சொல்லும்வரை உள்ளேயே இருங்கள். ஆபத்து பெட்டிக்குள் இருந்தால் அடுத்த பெட்டிக்கு நகருங்கள்.
- சாதாரண ரயிலில் வாசலில் நிற்க நேர்ந்தால், உடம்பும் பையும் பெட்டிக்கு வெளியே நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தடம் மாறும் நாளில் சுவரும் தூணும் வழக்கத்தைவிட அருகில் வரும்.

ஜப்பானில் 63 வரிசைப் பெட்டியைக் கட்டியவர்கள் கெட்ட எண்ணத்தோடு கட்டவில்லை. போர்க்காலச் சிக்கனத்தில் கட்டினார்கள். ஆபத்து வந்தது, போர் முடிந்து ஆறு ஆண்டுகள் ஆன பிறகும் அந்தப் பெட்டிகளை மாற்றாமல் ஓட்டியதால்தான். பரங்கிமலை விபத்து நடந்தது 2018-ல். அதே பாதையில் சாதாரண மின்சார ரயில் இன்றும் கதவைத் திறந்துகொண்டுதான் ஓடுகிறது.